புரட்டாசி ஒன்பதாம் தேதி மழை

மோட்டார் ரூம் சுவரில் ஒரு தாளை ஒட்டுவதற்கு ரசமட்டம் எடுத்துக்கொண்டு போன ஆள் அன்னூர் வட்டாரத்தில் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது. கொத்தனார்கள் கட்டுமானம் நேராக இருக்கிறதா என்று பார்க்க வைத்திருக்கும் அந்தக் கருவியைத் தாளின் மேல் ஓரத்தில் பிடித்து, உள்ளே இருக்கும் குமிழ் நடுவில் வந்து நின்ற பிறகுதான் நான்கு மூலைகளிலும் டேப் ஒட்டினேன். தள்ளி நின்று பார்த்தால் தாள் சாய்ந்திருந்தது. பெரியப்பா மகனான அண்ணன் தலைக்கட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தபடி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, கொஞ்சம் வடக்கமுன்னா சாஞ்சிருக்குதுங்களே?" என்றார்.

"செவுருதானுங்ணா சாஞ்சிருக்குது. தாள் நேரா இருக்குது."

"அப்பச் செரி. செவுத்தை வேணும்னா பொறவு இடிச்சுக் கட்டிக்கலாமுங்."

அது ஆடி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. அந்தத் தாள், மூன்று குடும்பங்களுக்காக நான் போட்ட மழைக்கால நடவுத் திட்டம்.

எங்கள் அப்பாவும் அவருடைய அண்ணனும் தம்பியும் நிலத்தைப் பிரித்துக்கொண்டபோது கிணற்றைப் பிரிக்க முடியவில்லை. ஆளுக்கு இரண்டு ஏக்கருக்குச் சற்று மேல் வந்தது. கிணறும் மோட்டாரும் பொதுவில் நின்றன. இன்று அந்த மூன்று பங்கும் அண்ணன், நான், சித்தப்பாவின் மகளான தங்கை ஆகிய மூவரிடம் இருக்கின்றன. தண்ணீர் ஆளுக்கு ஒரு நாள் முறை. கிணற்றில் தண்ணீர் மேலே கிடக்கும் மாதங்களில் யார் முறை என்று யாரும் கேட்பதில்லை. ஆவணியில் அது அடிக்குப் போய்விடும். மோட்டார் முக்கால் மணி நேரம் ஓடினாலே குழாய் காற்றை இழுத்து இரும ஆரம்பிக்கும். அப்போது முறை என்பது நாள் கணக்கிலிருந்து நிமிடக் கணக்குக்கு வந்துவிடும்.

நான் சரவணம்பட்டியில் குடியிருக்கிறேன். பம்ப் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அளவு சோதிக்கும் பிரிவில் இருபத்தாறு வருடங்களாக வேலை. ஒரு தலைமுடியின் கனத்தில் பாதி கூடியிருந்தாலும் அந்த உருப்படியைத் திருப்பி அனுப்புவது என் தொழில். இந்த வேலை ஒரு மனிதனை என்ன செய்துவிடும் என்பதற்கு என் மனைவி சாட்சி. தோசை வட்டமாக இல்லை என்று நான் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் தட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவேன் என்கிறாள். மறுப்பதற்கில்லை.

நிலத்துக்கு நான் போவது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். ஆனால் அங்கே பெய்யும் மழை ஒவ்வொரு நாளும் என் நோட்டில் ஏறிவிடும். மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் மரநிழல் படாத இடத்தில் ஒரு மழைமானி நட்டு வைத்திருக்கிறேன். தங்கை தினமும் காலை எட்டு மணிக்கு அதைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்வாள். பெரும்பாலும் ஒரே வார்த்தைதான்: "சைபருங்ணா." நான் எழுதிக்கொள்வேன். பதினோரு வருடங்களாக இது நடக்கிறது. அவளுக்குக் காய்ச்சல் வந்த நாளில்கூட ஒரு சைபர் வந்து சேர்ந்தது. பார்ப்பது அவள், ஈரத்தில் நடப்பது அவள், எண்ணைச் சொல்வது அவள். இருந்தும் 'என் மழைக் குறிப்பு' என்றுதான் அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லி வந்தேன்.

திட்டத்தின் மையம் தங்கையின் வெங்காயம். அண்ணன் மானாவாரியாகச் சோளமும் தட்டைப்பயறும் போடுபவர். அவருடைய மாடுகளுக்குத் தீவனம் கிடைத்தால் போதும். நான் அரை ஏக்கர் தக்காளி. தங்கை ஒரு ஏக்கர் சின்ன வெங்காயம். முந்தைய வருடம் அவள் வெளியில் வாங்கி நட்ட விதை வெங்காயம் நோய் விழுந்து, வெங்காயத் தாள் எல்லாம் திருகிக்கொண்டு போய்விட்டது. அதனால் இந்த முறை வைகாசியில் எடுத்த தன் சொந்த வெங்காயத்திலேயே நல்லதாகப் பொறுக்கி, விதைக்கென்று பட்டறையில் போட்டு வைத்திருந்தாள். பட்டறை என்பது கல்லின் மேல் தூக்கிக் கட்டி, நாலு பக்கமும் மூங்கில் தட்டி வைத்து, காற்றோட்டத்தில் வெங்காயத்தைக் காப்பாற்றும் கொட்டகை. அவள் கணவருக்கு மில்லில் ஷிப்ட் வேலை. தோட்டம் முழுக்க அவள் பொறுப்பு. பட்டறையில் இருப்பது கெட்டுப்போனால் அந்தப் பருவத்துக்கு அவளிடம் நடுவதற்கு வேறு விதை இல்லை.

இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் திட்டம் போட்டேன்.

நட்ட மூன்றாம் நாள் வெங்காயத்துக்கு உயிர்த்தண்ணீர் விட வேண்டும். அடியில் கிடக்கும் கிணற்றை வைத்துக்கொண்டு ஒரு ஏக்கருக்கு அது சிரமம். முதல் நல்ல மழைக்குச் சரியாக மூன்று நாள் முன்னதாக நட்டுவிட்டால் மழையே உயிர்த்தண்ணீர் பாய்ச்சிவிடும் என்பது என் யோசனை. அதற்கு முதல் நல்ல மழை வரும் தேதி தெரிய வேண்டும். என்னிடம்தான் பதினோரு வருடக் குறிப்பு இருக்கிறதே. ஒரே நாளில் இருபத்தைந்து மில்லிமீட்டர் பெய்தால் அது நல்ல மழை என்பது நான் முதல் வருடமே வைத்த வரையறை. ஆவணி பிறந்த பிறகு ஒவ்வொரு வருடமும் அது முதலில் வந்த நாளை எடுத்து, எல்லாவற்றையும் கூட்டி, பதினொன்றால் வகுத்தேன். புரட்டாசி 9.27 என்று வந்தது. தசமத்தை விட்டுவிட்டேன். விவசாயத்தில் கொஞ்சம் நெகிழ்வு வேண்டும் என்று எனக்கும் தெரியும்.

அன்றைய தேதிக்கு ஆடியிலேயே அலுவலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று போட்டேன். உண்மையான காரணம், மழை வருவதை நேரில் நின்று பார்ப்பது.

மனைவி தாளைப் பார்த்தாள். மூன்று நிறம், வாரக் கட்டங்கள், கீழே என் சுருக்கொப்பம்.

"ஏனுங்க, எல்லாத்துக்கும் ஒரு காப்பி குடுத்துட்டீங்களா?"

"அண்ணனுக்கு ஒண்ணு, தங்கச்சிக்கு ஒண்ணு, மோட்டார் ரூமுக்கு ஒண்ணு."

"மேகத்துக்கு?"

நான் தாளைச் சுருட்டி வைத்தேன். அவள் அன்று முழுக்கத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

தாள் ஒட்டிய ஞாயிறன்று தங்கையும் வந்து பார்த்தாள். தன் நிறமான ஊதாவை விரலால் தொட்டுக்கொண்டே போய், ஆவணி முழுக்க வெறும் கட்டங்களாக இருப்பதைக் கவனித்தாள்.

"அண்ணா, அதுவரைக்கும் பட்டறையில தாங்குமுங்களா?"

"தாங்கும் அம்மணி. மூணரை மாசத்துக்குக் கணக்குப் போட்டுத்தான் வெச்சிருக்கறேன்."

அவள் இன்னொரு முறை அந்த வெறும் கட்டங்களைப் பார்த்தாள். "சரீங்ணா" என்றாள்.

ஆவணி பதினாலாம் தேதி காலை எட்டு மணிக்குப் போன் வந்தது. எடுத்தவுடன் அவள் குரலிலேயே எண் தெரிந்துவிட்டது.

"இருபத்திரண்டுங்ணா! நல்லா எறங்கியிருக்குது. நடறதுக்கு ஆளுங்களும் நாளைக்கே வாரம்னு சொல்லிப்போட்டாங்க. நட்டுப்போடட்டுங்களா?"

நான் பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன். இருபத்திரண்டு. வரையறைக்கு மூன்று மில்லிமீட்டர் குறைவு.

"பொறு அம்மணி. இருபத்தஞ்சு வந்தாத்தான் மழை."

"அப்ப இது என்னுங்ணா?"

"தூறல்னு வெச்சுக்கோயேன்."

"வாய்க்கால்ல தண்ணி ஓடுதுங்ணா."

"இது கணக்குல வராத மழை கண்ணு. இதை நம்பி நட்டுப்போட்டு, அடுத்த மழைக்கு ஒரு மாசம் ஆச்சுன்னா? கெணத்துல தண்ணி எங்க இருக்குது? ஒம்பதாந்தேதி வரைக்கும் பொறுத்துக்கோ."

அந்தப் பக்கம் தவளைகள் கத்துவது போனில் கேட்டது. பிறகு "சரீங்ணா" என்றாள். எங்கள் ஊரில் அண்ணன்காரன் சொல்வதற்கு எதிர்ப்பேச்சு பேசுவது பழக்கமில்லை, அவன் வாரத்துக்கு ஒரு நாள் வந்துபோகும் அண்ணனாக இருந்தாலும். அந்த மரியாதையை நான் என் கணக்குக்குக் கிடைத்த ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். நோட்டில் '22.0, வரையறைக்குக் கீழ்' என்று எழுதி அடிக்கோடிட்டேன். தொழிற்சாலையில் அளவு தவறிய அச்சைத் தள்ளிவைப்பது போல அந்த மழையைத் தள்ளி வைத்தேன்.

அடுத்த ஞாயிறு போனபோது அண்ணனின் காடு முழுக்க உழுது விதைத்துச் சமமாக இருந்தது. அவருடைய நிறமான பச்சை, புரட்டாசி பதினொன்றில்தான் தொடங்க வேண்டும்.

"அண்ணா, சோளம் பதினொண்ணாந்தேதிதானுங்களே?"

"ஆமாங் தம்பி. பிளான்ல அப்பிடித்தான் இருக்குது. பிளானு அருமையா இருக்குது, ஒரு கொறை சொல்ல முடியாது." அண்ணன் தன் பசுவின் முதுகில் கையை வைத்துக்கொண்டு சொன்னார். "மழைதான் வெவரம் தெரியாம முன்னால வந்துபோட்டுது. வந்ததைத் திருப்பி அனுப்ப எனக்கு மனசு வல்லீங். வெதச்சுப்போட்டேன்."

அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். தாளில் அவருடைய பச்சைக் கட்டத்தின் மேல் பென்சிலால் 'விலகல்' என்று குறித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அதன் பிறகு இரண்டு வாரம் காற்று. மண்ணை வாரி அடிக்கும் காற்று. எட்டு மணிக்கு எட்டு மணி சைபர். ஆவணி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, சைபரைச் சொன்ன பிறகும் தங்கை போனை வைக்கவில்லை.

"அண்ணா, இந்த ஞாயித்துக்கெழமை வாரீங்களா?"

"வாரேன். ஏன் கண்ணு?"

"ஒண்ணுமில்லீங். வந்தீங்கன்னா பட்டறையை ஒருக்கா பாத்துட்டுப் போலாம்."

ஒன்றுமில்லை என்று அவள் சொன்னாள் என்பதால் நான் சனிக்கிழமை தொழிற்சாலைக்குப் போனேன். ஞாயிறு என்று சொன்னாள் என்பதால் ஞாயிறன்று தோட்டத்துக்குப் போனேன். இரண்டு நாள் வீணாயிற்று என்று எனக்குத் தெரிந்தது பட்டறைக்குப் பத்தடி தூரத்தில்.

தட்டியின் இடுக்குகளில் எல்லாம் பச்சை முளைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தூரத்தில் இருந்து பார்த்தால் பட்டறையே பயிர் ஏறியது போல இருந்தது. கிட்டே போனதும் அழுகல் வாடை. நான் கணக்குப் போட்ட மூன்றரை மாதம், காய்ந்த காற்றுக்கானது. இடையில் பெய்த இருபத்திரண்டு மில்லிமீட்டரின் ஈரக்காற்று தட்டிக்குள் புகுந்து வெங்காயத்தை எழுப்பிவிட்டது. நான் மழை என்று ஒப்புக்கொள்ளாததை அது ஒப்புக்கொண்டுவிட்டது.

தங்கை கீழே சாக்கு விரித்து உட்கார்ந்து வெங்காயத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முளைத்தும் கெட்டியாக இருப்பவை ஒரு பக்கம், அமுக்கினால் நீர் கசிபவை ஒரு பக்கம். கசியும் பக்கம் அவள் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது.

"ஒண்ணொண்ணாக் கையில எடுத்துப் பாத்து வெச்சதுங்ணா" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. வெங்காயத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். "போன வருசம் வாங்கி நட்டு அப்பிடி ஆயிப்போச்சுன்னு."

"இன்னும் எத்தனை நாள் தாங்கும்?"

"நாளு இல்லீங். இப்பவே மண்ணுக்குள்ள போனாத்தான்."

நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியாதபோது நான் செய்வது அது. பதினோரு வருடத்து மழையையும் தேதிவாரியாக ஒரே நோட்டில் எழுதிச் சேர்த்திருந்தேன். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கை நீட்டினாள்.

"அதைக் குடுங்ணா."

ஒவ்வொரு வருடமாகப் புரட்டினாள். ஒவ்வொன்றிலும் புரட்டாசிக்குப் போய் விரலை வைத்துக் கீழே இறக்கினாள்.

"ஒம்பதாந்தேதி எந்த வருசமுங்ணா பேஞ்சுது?"

"அது சராசரி அம்மணி."

"செரீங். எந்த வருசம்?"

"அப்பிடி இல்ல. பதினோரு வருசத்தையும் கூட்டி..."

"கூட்டினது தெரியுதுங். பேஞ்சது எந்த வருசம்?"

நோட்டை வாங்கி நானே பார்த்தேன். முதல் வருடம், ஒன்பதாம் தேதி, சைபர். இரண்டாம் வருடம் சைபர். பதினொன்று வரை போனேன். எல்லாம் அவள் சொல்லி நான் எழுதிய சைபர்கள். ஐந்து வருடங்களில் முதல் நல்ல மழை ஆவணியிலேயே வந்து போயிருந்தது. மற்ற ஆறு வருடங்களில் புரட்டாசிக் கடைசியில் அல்லது ஐப்பசி பிறந்து வந்திருந்தது. இரண்டையும் கூட்டி வகுத்ததில் நடுவில் ஒரு தேதி வந்து நின்றது, அவ்வளவுதான். கோயமுத்தூரில் ஒரு மகனும் ஈரோட்டில் ஒரு மகளும் உள்ள குடும்பத்தைப் பார்க்கக் கிளம்பி, நடுவில் அவிநாசியில் இறங்கி வீடு தேடியிருக்கிறேன். அதுவும் முன்கூட்டியே விடுப்பு போட்டுவிட்டு.

அண்ணன் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. என் தோளுக்கு மேலாக நோட்டை எட்டிப் பார்த்தார்.

"அப்பப் பதினோரு வருசத்துல ஒருக்காக்கூட மழை பேயாத தேதியாப் பாத்து எடுத்திருக்கீங்க" என்றார். "அதுக்கும் ஒரு தெறமை வேணுமுங் தம்பி."

தங்கை சிரித்துவிட்டாள். அழுகிய வெங்காயக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வாயைப் புறங்கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணையும் அதே புறங்கையால் துடைத்தாள். அது வெங்காயத்தினால் என்று சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ள முடியவில்லை. அவளுக்கு வெங்காயத்தில் கண் எரிந்து நான் பார்த்ததே இல்லை.

உடனே நட்டுவிட வேண்டும், உயிர்த்தண்ணீருக்குக் கிணறு மட்டும்தான் என்பது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. ஒரு ஏக்கருக்கு அவளுடைய ஒரு நாள் முறை போதாது என்பதும் தெரிந்திருந்தது. என் முறையைத் தர வேண்டியது நான். புரட்டாசி ஆறாம் தேதி எடுத்துக்கொள்வதாக நாற்றுப் பண்ணையில் இருபது தட்டுத் தக்காளி நாற்றுக்குச் சொல்லி வைத்திருந்தேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: வாயைத் திறப்பதற்கு முன்னால் மோட்டார் ரூம் கதவு வழியே தெரிந்த தாளை ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். என் சிவப்புக் கட்டங்கள் ஒரு பிசிறும் இல்லாமல் நேராக இருந்தன.

"என்ற முறையையும் நீயே எடுத்துக்கோ அம்மணி" என்றேன்.

"என்றதையும் எடுத்துக்கட்டும்" என்றார் அண்ணன். அவர் என்னைப் போல எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. "சோளம் அந்தத் தூறல்லயே மொளச்சிருச்சு." தூறல் என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொன்னார். நான் போனில் சொன்னது அவர் காதுக்கும் போயிருக்கிறது.

"அப்ப உங்க தக்காளிங்ணா?" என்று தங்கை கேட்டாள்.

"அது பாத்துக்கலாம்."

என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை அவள் நம்பாதவள் போல நிமிர்ந்து பார்த்தாள். எனக்குமே அது புதிதாகத்தான் இருந்தது.

மறுநாளும் அதற்கு மறுநாளும் விடுப்பு எடுத்துக்கொண்டு நடவுக்குப் போனேன். உதவி என்று போனேன். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆறு பெண்கள் வந்திருந்தார்கள். வெங்காயத்துக்கு வெங்காயம் பத்து சென்டிமீட்டர் இடைவெளி என்று படித்திருந்ததால், அந்த நீளத்துக்கு ஒரு குச்சி வெட்டி, இரண்டு முனையையும் உப்புத்தாளில் தேய்த்து எடுத்துப் போயிருந்தேன். ஒவ்வொரு வெங்காயத்துக்கும் குச்சியை வைத்து, குறித்து, ஊன்றினேன். அவர்கள் விரலை மட்டும் அகட்டி வைத்துப் பேசிக்கொண்டே போனார்கள்.

"ஏனுங் சார்" என்று அவர்களில் மூத்தவர் கேட்டார். "அந்தக் குச்சி வெங்காயத்துக்குங்களா, நீங்க எந்திரிக்கறப்ப ஊனிக்கறதுக்குங்களா?"

நான் நடவு மேடான பார் ஒன்றை முடித்து நிமிர்ந்தபோது அவர்கள் ஐந்தாவது பாரில் இருந்தார்கள். எழுந்திருக்க ஏதாவது ஊன்ற வேண்டித்தான் இருந்தது. குச்சி அதற்கும் உதவாத குட்டை. என் வரிசையைத் தங்கை வந்து பார்த்தாள். இடைவெளி சரியாக இருந்தது. எல்லா வெங்காயத்தையும் ஒரே ஆழத்துக்கு, அதாவது கழுத்துவரை புதைத்திருந்தேன். அவள் உட்கார்ந்து, தலை மண்ணுக்கு மேல் தெரியும்படி ஒவ்வொன்றாக மேலே இழுத்துவிட்டாள். அன்று முதல் எனக்குக் கூடை சுமக்கும் வேலை கொடுக்கப்பட்டது. அதில் நான் தவறு செய்யவில்லை.

பிறகு உயிர்த்தண்ணீர். மூன்று பேர் முறையும் ஒரே வயலுக்கு. மோட்டார் முக்கால் மணி ஓடும், இருமும், நிறுத்துவோம். கிணறு ஊறுவதற்கு இரண்டு மணி நேரம் காத்திருப்போம். மறுபடி போடுவோம். நான் வேலைக்குப் போய்விட்ட நாட்களிலும் அவள் இப்படியே ஓட்டினாள். காலை எட்டு மணிக்கு சைபர் சொல்லும்போது பின்னால் மோட்டார் சத்தம் கேட்கும். என் தக்காளி நாற்று ஆறாம் தேதி சொன்னபடி வந்து இறங்கியது. மோட்டார் ரூம் நிழலில் இருபது தட்டையும் வரிசையாக வைத்தேன். அவற்றுக்கும் அவள்தான் குவளையில் தண்ணீர் தெளித்தாள்.

இங்கே வரிசையைக் கொஞ்சம் மாற்றி, பின்னால் நடந்ததை முன்னால் சொல்லிவிடுகிறேன். நல்ல மழை, என் வரையறைப்படியே நல்ல மழை, புரட்டாசிக் கடைசி வாரத்தில் வந்தது. அதுவரை வெங்காயம் கிணற்றுத் தண்ணீரில் நின்றது. மழைக்குப் பிறகு கார்த்திகையில் தங்கை வெங்காயம் எடுத்தாள், பட்டறைத் தட்டியை மாற்றிக் கட்டினாள். தக்காளி நாற்று தட்டிலேயே இருந்து கொடி போல இழுத்துக்கொண்டுவிட்டது. மழைக்குப் பிறகு நட்டேன். விளைச்சலைப் பற்றி எழுதும் அளவுக்கு எதுவும் இல்லை. மனைவி ஐந்து செடியை எடுத்துக்கொண்டு போய் மொட்டைமாடியில் பழைய பெயின்ட் வாளிகளில் வைத்தாள். அவை நன்றாகக் காய்த்தன. அவள் நட்ட தேதியைக் கேட்டேன். ஞாபகமில்லை என்றாள்.

ஒன்பதாம் தேதிக்கு வருகிறேன்.

விடுப்பை ரத்து செய்திருக்கலாம். ஆடியில் எழுதிக் கொடுத்துக் கையெழுத்தான விடுப்பு. ரத்து செய்தால் காரணம் எழுத வேண்டும். அதனால் போனேன். திட்டத்தில் குறித்திருந்தபடி குடையும் எடுத்துக்கொண்டேன். எட்டு மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாகத் தோட்டத்தில் இருந்தேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வெயில் அப்போதே கழுத்தில் இறங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் மாட்டைப் பிடித்துக்கொண்டு அந்த வழியாகப் போனார். குடையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மாட்டையும் ஒரு முறை பார்த்தார்.

"நனைஞ்சுபோடாதீங் தம்பி" என்றுவிட்டுப் போனார்.

சரியாக எட்டு மணிக்குத் தங்கை மழைமானியின் அருகில் போய்க் குனிந்தாள். நான் பத்தடி தள்ளி நிற்கிறேன். பழக்கதோஷத்தில் இடுப்பிலிருந்து போனை எடுத்துவிட்டாள். எடுத்த பிறகு என்னைப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, அங்கிருந்தே சத்தமாகச் சொன்னாள்.

"சைபருங்ணா! எழுதிக்கோங்க."

எழுதினேன். பிறகு அவள் என்னைப் பாத்தி பாத்தியாகக் கூட்டிப்போய்க் காட்டினாள். பெரும்பாலான பார்களில் வெங்காயம் விரல் நீளத்துக்கு இரண்டு மூன்று தாள் விட்டு நிமிர்ந்து நின்றது. தெற்குப் பக்கம் நான்கு பாத்திகள் வெறுமையாகக் கிடந்தன. அழுகிப் போனதால் விதை பற்றாத இடம் அது. அந்த இடத்தில் நின்று நான் ஏதாவது சொல்ல நினைத்தேன்.

"அம்மணி, இந்த நாலு பாத்தி..."

"அதுல கொத்தமல்லி தூவிப்போட்டேனுங்ணா. பாக்கி நிக்கறதுல நல்லதா ரெண்டு பாத்தி அடுத்த வருசத்து வெதைக்குன்னு குறிச்சு வெச்சிருக்கறேன். எந்தப் பாத்தின்னு உங்க நோட்டுல போட்டு வையுங்க. நான் மறந்துபோடுவேன்."

அவள் எதையும் மறந்து நான் பார்த்ததில்லை. இருந்தாலும் நோட்டை விரித்தேன். தேதி, மழை அளவு, குறிப்பு என்று மூன்று கட்டம். பதினோரு வருடத்தில் குறிப்புக் கட்டத்தில் நான் எழுதியதெல்லாம் 'வரையறைக்குக் கீழ்', 'வரையறைக்கு மேல்' என்பவைதான். அங்கே எதைப் பற்றிய குறிப்பு வர வேண்டும் என்று யோசித்ததே இல்லை போலிருக்கிறது. மேற்கிலிருந்து மூன்றாவது, நான்காவது பாத்தி என்று எழுத ஆரம்பித்தேன். எந்த மூலையிலிருந்து எண்ணுவது என்பதைத் தெளிவுபடுத்த ஒரு சிறிய படமும் போட்டேன். வடக்கு எது என்று காட்ட அம்புக்குறி போட்டேன்.

அன்று முறைப்படி என் நாள். என் தண்ணீர் அவளுடைய வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாய்க்காலின் தலைமாட்டுக்குப் போகும்போது, நான் நின்ற பாத்தி நிறைந்ததும் மடையை அடைத்து அடுத்ததற்குத் திருப்பும் வேலையை என்னிடம் விட்டிருந்தாள்.

"அண்ணா, மடை!"

நிமிர்ந்தேன். பாத்தி நிறைந்து வரப்பு உடைந்து, என் கால் செருப்புக்குள் தண்ணீர் ஏறியிருந்தது.

"மடைங்ணா! வெங்காயம் முழுகுது!"

குடையைப் போட்டேன், மண்வெட்டியை எடுத்தேன், நோட்டைக் கக்கத்தில் இடுக்கினேன். குனிந்தவுடன் நோட்டு நழுவி வாய்க்காலில் விழுந்தது. எதை முதலில் எடுப்பது என்று ஒரு கணம் நின்றேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். பிறகு மடையை அடைத்தேன். இரண்டு வெட்டு மண் போதவில்லை, நான்கு வேண்டியிருந்தது. தண்ணீர் அடுத்த பாத்திக்குத் திரும்பியதும் தங்கை அங்கிருந்து கையைக் காட்டினாள். அதன் பிறகுதான் நோட்டைத் தேடினேன். அது ஒரு வெங்காயப் பாரில் தட்டி நின்றிருந்தது.

வெயிலில் காயவைத்ததில் நோட்டு தப்பிவிட்டது. மற்றப் பக்கங்களில் மை அப்படியே இருக்கிறது. புரட்டாசிப் பக்கம் மட்டும் ஊறிப்போய், ஒன்பதாம் தேதிக்கு எதிரே போட்ட சைபர் கலங்கி, ஒரு நீலக் கறையாகக் கட்டத்தை விட்டு வெளியே வழிந்திருக்கிறது. விதைப் பாத்திகளின் படத்தைக் கறைக்குப் பக்கத்தில் மறுபடி வரைந்தேன். கை ஈரமாக இருந்ததால் கோடு கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அப்படியே விட்டிருக்கிறேன்.